மஞ்சள் பேரரசரைத் தள்ளிவைத்தவர் பதினாறு ஆண்டு கழித்து ‘நாம் ஒன்றே’ என்றது ஏன்? கூ ஜியேகாங் பற்றிப் பேசலாம்

#1 ஏட்டுச்சுவடி

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் ‘சீனர்களுக்கு அடையாளக் குழப்பமே கிடையாது, ஐயாயிரம் ஆண்டாக ஒரே இனம், ஒரே பண்பாடு’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கேயே பதில் எழுதினால் இழை திசைமாறிவிடும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

அந்த ‘ஐயாயிரம் ஆண்டு, மஞ்சள் பேரரசர் என்ற ஒரே மூதாதை’ கதையைப் போட்டு உடைத்தவரே ஒரு சீனர்தான். கூ ஜியேகாங். 1893இல் சூச்சோவில் பிறந்தவர், 1980இல் பீஜிங்கில் இறந்தார். (சீனத்தில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். ‘கூ’ குடும்பப் பெயர். அந்தப் பெயருக்கு இந்த இழையில் வேலை இருக்கிறது, பிறகு வருகிறேன்.)

பீக்கிங் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் வகுப்பை விட்டுவிட்டு நாடகக் கொட்டகையே கதி என்று கிடந்தவர். அங்கேதான் ஒன்று பிடிபட்டது. ஒரே கதையை ஒவ்வொரு நாடகத்திலும் ஒவ்வொரு விதமாக ஆடுகிறார்கள். ஆட ஆடக் கதை வளர்கிறது. பழைய வரலாறும் இப்படித்தான் வளர்ந்திருக்குமோ? 1923இல் நண்பர் சியன் ஷுவான்தோங்குக்கு எழுதிய ஒரு கடிதத்தை அச்சில் வெளியிட்டார். அதன் சாரம் இது: மேற்குச் சோவ் காலத்து (சுமார் மூவாயிரம் ஆண்டுக்கு முன்) மக்களுக்குத் தெரிந்த மிகப் பழைய ஆள், வெள்ளத்தை வடியவைத்த யூ. கன்ஃபூசியஸ் காலத்தில் யூவுக்கு முன்னால் யாவ், ஷுன் என்று இரண்டு மன்னர்கள் வந்து சேர்ந்தார்கள். போரிடும் நாடுகள் காலத்தில் அவர்களுக்கும் முன்னால் மஞ்சள் பேரரசர், ஷென்னோங். சின் காலத்தில் அதற்கும் மேலே மூன்று மாவேந்தர்கள். ஹான் காலத்துக்குப் பிறகு எல்லாருக்கும் மேலே, உலகத்தைப் படைத்ததாகச் சொல்லப்படும் பான்கு. அதாவது, கடைசியில் எழுதியவர் சொன்ன மூதாதைதான் எல்லாரையும்விடப் பழையவர்! விறகு அடுக்குவதுபோல, பின்னால் வந்த கட்டை மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இந்த விறகு உவமை அவரே எடுத்தாண்ட பழைய சீன வழக்கு.

அதே ஆண்டு இன்னொரு இடத்தில், பழைய வரலாற்றைப் படிக்கிறவர்கள் நான்கு நினைப்புகளை உடைத்தெறிய வேண்டும் என்றார். முதல் இரண்டைக் கவனியுங்கள். மக்கள் எல்லாரும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவர்கள் என்ற நினைப்பு ஒன்று. நிலம் என்றைக்கும் ஒன்றாகவே இருந்தது என்ற நினைப்பு இன்னொன்று.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் எழுதிய வரலாற்றுப் பாடநூலில் மூன்று மாவேந்தர், ஐந்து பேரரசர் கதைக்கு முன்னால் ‘எனப்படும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். அவ்வளவுதான். 1929இல் தேசியவாத அரசு நூலைத் தடை செய்தது. ஆளும் கட்சியான கோமிந்தாங்கின் பெரும்புள்ளி தாய் ஜிதாவ் கொதித்தே போனார். ஒரு மூதாதையின் பிள்ளைகள் என்ற நம்பிக்கையில்தான் மக்கள் சேர்ந்து நிற்கிறார்கள், அதைப் பிடுங்கலாமா என்பது அவர் வாதம்.

இப்போது 1939க்கு வாருங்கள். பிப்ரவரி 13. ஜப்பானியப் படைக்குத் தப்பி வந்த அறிஞர்கள் நிறைந்த குன்மிங் நகரம். ‘யிஷி பாவ்’ நாளிதழின் எல்லைப்புற இணைப்பில் அதே ஜியேகாங் எழுதிய கட்டுரை வருகிறது. தலைப்பு: ‘சீனத் தேசிய இனம் ஒன்றே’. சீனாவுக்குள் ‘ஐந்து தேசிய இனங்கள்’ (பெரும்பான்மையான ஹான், மஞ்சு, மங்கோலியர், ஹுயி, திபெத்தியர்) என்பதெல்லாம் கிடையாது, இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார்.

தடம் புரண்டாரா? அல்லது இரண்டும் ஒரே ஆளின் ஒரே சிந்தனைதானா? என் கருத்து இரண்டாவது. அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

#2 சும்மா_வந்தவன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தலைக்கு மேலே குண்டு விழுந்தால் எல்லாருக்கும் தேசபக்தி வரும். தடம் புரண்டதுதான். அடுத்த இழை.

#3 செங்கல்சூளை

அடிக்கத்தான் வந்தேன், ஆனால் 1939க்கு அல்ல, 1923க்கு. ஜியேகாங்கின் சந்தேகம் அளவு மீறியது என்பது என் பழைய புகார். ஏட்டில் பிந்தி வருகிறது என்பதாலேயே ஒன்று பிந்திக் கட்டியதாகிவிடாது. 1917இலேயே அறிஞர் வாங் குவோவெய் ஆமையோட்டு, எலும்பு எழுத்துகளை வைத்துப் பார்த்தார். பழைய வரலாற்றாசிரியர் சிமா சியன் எழுதிவைத்த, சோவுக்கு முந்தைய ஷாங் அரசர் பட்டியல் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி! சந்தேகப்பட்டே பழகியவர்கள் அதையும் கட்டுக்கதை என்றுதானே தள்ளியிருப்பார்கள்?

அப்புறம் அந்தப் புழு விவகாரம். ‘யூ’ என்ற எழுத்துக்குப் பழைய அகராதி ‘புழு’ வகை என்று பொருள் சொல்கிறது; ஆகவே யூ ஒருவேளை வெண்கல முக்காலிக் கலங்களில் வார்த்த ஏதோ ஊர்வன உருவமாக இருக்கலாம் என்று எழுதினார். ஊரே சிரித்தது. எழுத்தாளர் லூ ஷுன் 1935இல் ஒரு கதையில் ‘பறவைத்தலை ஐயா’ என்று ஒரு பாத்திரத்தையே உருவாக்கிவிட்டார். கூ என்ற எழுத்தைப் பிரித்தால் ஒரு பக்கம் பறவை, ஒரு பக்கம் தலை. அதுதான் அந்தக் கிண்டல்.

#4 ஏட்டுச்சுவடி

புழுவை அவரே சீக்கிரம் கைவிட்டுவிட்டார், செங்கல்சூளை. பாவம், அவர் சொன்ன நூறு விஷயங்களில் உலகம் நினைவில் வைத்திருப்பது அவர் வாபஸ் வாங்கிய ஒன்றை.

ஆனால் நீங்கள் அகழாய்வுப் பக்கம் பேசுவதால் ஒன்று கேட்கிறேன். 2002இல் பீஜிங்கின் பாலி அருங்காட்சியகத்துக்கு ஹாங்காங் பழம்பொருள் சந்தையிலிருந்து ஒரு மேற்குச் சோவ் வெண்கலப் பாத்திரம் வந்ததே, 98 எழுத்து பொறித்தது, அது எப்படித் தொடங்குகிறது? ‘வானம் யூவுக்கு ஆணையிட்டது, நிலத்தைப் பரப்பு என்று.’ யூ பொய் இல்லை என்று அதைக் காட்டிப் பலர் குதித்தார்கள். எனக்கோ அது ஜியேகாங் பக்கம் பேசுவதாகவே படுகிறது. மேற்குச் சோவில் யூ இருக்கிறார், சரி. வானத்திடம் ஆணை வாங்கி மண்ணைப் பரப்புகிற தெய்வ ஆளாக இருக்கிறார். யாவ், ஷுன், மஞ்சள் பேரரசர் ஒருவரையும் அதில் காணோம். அடுக்கு அவர் சொன்னபடியேதானே இருக்கிறது?

அவர் முறை எனக்கு உண்மையில் புரிந்தது யூவில் இல்லை, மெங் ஜியாங் பெண் கதையில். சீனப் பெருஞ்சுவர் கட்டப்போன கணவன் செத்துப்போக, அவள் அழுத அழுகையில் சுவர் இடிந்து விழுந்தது என்று ஊர் ஊராகச் சொல்வார்கள். ஜியேகாங் 1924இல் அதன் அடியைத் தேடிப் போனார். கி.மு. 550. ச்சீ நாட்டு வீரன் ஒருவன் போரில் சாகிறான். வயல்வெளியில் வைத்து மன்னன் துக்கம் விசாரிக்க வருகிறான். ‘இது முறையில்லை, வீட்டுக்கு வந்து விசாரியுங்கள்’ என்கிறாள் மனைவி. கதை அவ்வளவுதான். அழுகையே கிடையாது! பிறகு ஒரு காலத்தில் அவள் அழுகிறாள். பிறகு அழுகையில் ஒரு மதில் சரிகிறது. தாங் காலம் வரும்போது அந்த மதில் சின் பேரரசன் கட்டிய பெருஞ்சுவராகிவிடுகிறது. முறைமை காத்த ஒரு பெண், அரசையே இடிக்கும் பெண்ணாகிறாள். ஒவ்வொரு காலமும் தன் துக்கத்தை அவள்மேல் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது. இதைப் ‘பொய்’ என்று அவர் தூக்கி எறியவில்லை. எந்தக் காலத்துக்கு எது தேவைப்பட்டது என்று வாசித்தார். மஞ்சள் பேரரசரையும் அப்படித்தான் வாசித்தார்.

#5 பட்டர்வொர்த்_பையன்

நான் சீனப் பள்ளியில் ஆறு வருஷம் படித்த தமிழன். எங்கள் மலேசியப் பக்கம் நிறையத் தமிழ்ப் பிள்ளைகள் அப்படிப் படிக்கிறார்கள். ஆகவே சொல் பற்றி மட்டும் இரண்டு வரி.

ஜியேகாங்கின் தலைப்பில் இருப்பது ‘ஜோங்ஹுவா மின்ட்சு’. இந்த மின்ட்சுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். ஜப்பானியர் மேற்கத்தியக் கருத்துக்காகப் புழங்கிய சொல், சீன மாணவர்கள் வழியாக உள்ளே வந்தது. சிந்தனையாளர் லியாங் சிச்சாவ் 1902இல் ‘ஜோங்ஹுவா மின்ட்சு’ என்று எழுதினார். அதாவது ‘ஐயாயிரம் ஆண்டு’ இனத்தின் பெயருக்கு வயது நூற்றிச்சொச்சம். அந்தச் சொல் ஒரே நேரத்தில் ‘தேசம்’ என்றும் நிற்கும், ‘இனம்’ என்றும் நிற்கும். ‘மின்ட்சு ஒன்றே’ என்று ஒருவர் சொன்னால், நாடு ஒன்று என்கிறாரா, மக்கள் எல்லாரும் ஒரே இனம் என்கிறாரா? 1939 சண்டையில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ச் சீனர்கள் தங்களை ‘ஹுவாரென்’ என்பார்கள். ‘ஜோங்குவோரென்’ என்று சொன்னால் சீன நாட்டுக் குடிமகன் என்றாகிவிடும், அது வேறு. பண்பாட்டுக்கு ஒரு சொல், நாட்டுக்கு ஒரு சொல் என்று அவர்கள் பிரித்துவைத்துக்கொண்டார்கள். ஜியேகாங்குக்கு அந்த வசதி இல்லை.

#6 வைகறை

நான் மானுடவியல் பக்கம். இந்த இழையில் இன்னும் ஃபெய் சியாவ்தோங்கின் பெயர் வராதது ஆச்சரியம்.

ஜியேகாங் கட்டுரைக்கு அதே நாளிதழில் 1939 மே 1 அன்று பதில் வந்தது. எழுதியவர் ஃபெய், அப்போது இருபத்தெட்டு வயது. லண்டனில் மானுடவியல் அறிஞர் மலினோவ்ஸ்கியிடம் படித்துவிட்டுத் திரும்பியிருந்தவர். ஆனால் அவருடைய தகுதி லண்டன் பட்டம் இல்லை. 1935இல் குவாங்சியில் யாவ் என்ற சிறுபான்மை மக்களின் மலைகளில் மனைவி வாங் தோங்ஹுயியோடு களஆய்வுக்குப் போனார். புலிக்கு வைத்த பொறியில் ஃபெய் சிக்கி அடிபட்டார். உதவி தேடி ஓடிய மனைவி ஆற்றில் விழுந்து இறந்தார். திருமணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ‘யாவ் மக்கள் என்று தனியாக யாரும் இல்லை, எல்லாம் ஒன்றே’ என்று ஒருவர் மேசையிலிருந்து எழுதுவதை அவர் எப்படி வாசித்திருப்பார்?

அவர் பதில் கோபமாக இல்லை, தெளிவாக இருந்தது. ஒரு நாடாக இருப்பது வேறு. மொழி, வழக்கம், உடல் தோற்றம் ஆகியவற்றில் வேறுபட்ட குழுக்கள் இருப்பது வேறு. நாடு ஒன்றாக இருக்க இரண்டாவதை இல்லை என்று சொல்லவேண்டிய அவசியமில்லை. ஒரு குழு பிரிந்துபோக நினைக்கிறதென்றால், தனிப் பெயர் இருப்பது அதற்குக் காரணமல்ல. சமமாக நடத்தாததே காரணம். பெயரை அழித்தால் சமத்துவமின்மை போய்விடுமா?

மியாவ் மக்களில் ஒருவரும் அதே இதழுக்கு எழுதினார். நாங்கள் மஞ்சள் பேரரசர் வழி இல்லை. ஒரே ஊற்று என்று கதை சொல்லி எங்களைச் சேர்க்கவேண்டாம், சமமாக நடத்துங்கள் போதும் என்ற பொருளில். இது எனக்கு ஃபெயின் கட்டுரையைவிட முக்கியம். பேசப்படுகிறவர்களில் ஒருவர் வாய் திறந்த இடம் அது.

ஏட்டுச்சுவடி, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#7 ஏட்டுச்சுவடி

வைகறை, நல்ல அடி. இருந்தாலும் மேசையிலிருந்து எழுதினார் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன். (மேசைக்கு எப்படி வந்தார் என்பது கீழே.)

1932இல் ஜப்பான், மஞ்சுக்கள் தனி இனம் என்று சொல்லித்தான் மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசை நிறுத்தியது. அடுத்து உள் மங்கோலியாவில் இளவரசர் தெயை முன்னிறுத்தி அதே வேலை. ‘மின்ட்சு’ என்ற சொல் அப்போது வரைபடத்தைக் கிழிக்கும் கத்தரிக்கோல். ஜியேகாங் பீப்பிங்கில் (பீஜிங்கின் அன்றைய பெயர்) இருந்தபோது ஜப்பானுக்கு எதிராகப் பாமர மக்கள் படிக்கப் பாட்டுப் புத்தகங்கள் அச்சிட்டுப் பரப்பினார். அதனால் ஜப்பானியர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. 1937இல் ஊரைவிட்டு ஓடி, கான்சு, சிங்ஹாய் பக்கம் மாதக்கணக்கில் சுற்றினார். முஸ்லிம் ஹுயி மக்கள், திபெத்தியர், மங்கோலியர் எல்லாரையும் நேரில் பார்த்தார். ஹுயிக்கும் ஹானுக்கும் நடுவில் இருந்த பகையையும் பார்த்தார்.

பிறகு குன்மிங். நோயாகப் படுத்திருந்தபோது பழைய நண்பர் ஃபூ ஸ்நியெனிடமிருந்து கடிதம் வருகிறது. எல்லைப்புறம், மின்ட்சு என்ற சொற்களை இந்த நேரத்தில் கண்டபடி புழங்காதே. பக்கத்தில் சயாமில் யுன்னானும் குவாங்சியும் எங்கள் பூர்வீகம் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று. (அந்த ஜூனில்தான் சயாம் தாய்லாந்து என்று பெயர் மாற்றிக்கொண்டது.) அதைப் படித்தபின் சும்மா படுத்திருக்க மனம் வராமல் கைத்தடியை ஊன்றி மேசைக்கு வந்து இதை எழுதுகிறேன் என்று கட்டுரையிலேயே சொல்கிறார்.

இப்போது அந்தக் குடும்பப் பெயர். ஒரே ஊற்று என்று அவர் எங்கேயாவது சொல்கிறாரா என்று தேடிப் பார்த்தேன். சொல்வது நேர் எதிர். என் பெயர் கூ, யாங்சிக்குத் தெற்கே பழைய குடும்பம், என்னைச் சீனன் இல்லை என்றோ ஹான் இல்லை என்றோ யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சோவ், சின் காலத்தில் என் முன்னோர் முடியைக் கத்தரித்து உடம்பில் பச்சை குத்திக்கொண்ட யுவே மக்கள், நடு நாட்டோடு போக்குவரத்தே இல்லாதவர்கள் என்று எழுதுகிறார். ஹான் காலத்தில் தோங்-ஓவ் என்ற யுவே நாட்டு அரசர் பணிந்து, மக்களோடு வடக்கே குடியேற்றப்பட்ட பிறகுதான் அந்த யுவே அடையாளம் கரைந்ததாம்.

பாருங்கள். தாய் ஜிதாவ் கேட்டது ஒரே மூதாதை. ஜியேகாங் தருவது ஒரே மூதாதை இல்லாத ஒற்றுமை. ஹான் என்பதே ஓர் இனமில்லை, கலந்து கலந்து வந்தவர்களின் கூட்டம் என்கிறார். 1923இல் உடைத்ததை 1939இல் ஒட்டவைக்கவில்லை. இரத்தம் இருந்த இடத்தில் கலத்தலை வைத்தார். அதனால்தான் இரண்டும் ஒரே சிந்தனை என்கிறேன்.

#8 சும்மா_வந்தவன்

சரி, #2ஐ வாபஸ் வாங்குகிறேன். பச்சை குத்திய பாட்டனாருக்காக.

#9 வைகறை

அந்தப் பத்தி எனக்கும் பிடிக்கும். ஆனால் மெதுவாக வாசியுங்கள். ‘பணிந்து, குடியேற்றப்பட்ட பிறகு கரைந்தது.’ யார் கரைந்தார்கள், யாருக்குள்? கலப்பு என்று அவர் சொல்வது பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும் தண்ணீர். யுவே கரைந்து ஹான் ஆனார்கள் என்பது பெருமையாகச் சொல்லப்படுகிறது. தன் முன்னோர் இழந்த மொழியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இன்னொன்று. விவாதம் எப்படி முடிந்தது என்றும் சொல்லவேண்டும். ஃபெயின் ஆசிரியர் வூ வென்சாவை யுன்னானைவிட்டு மாற்றும்படி ஃபூ ஸ்நியென் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். ஜியேகாங் மேலும் பதில் எழுதினார், ஃபெய் எழுதவில்லை. போர்க்காலத்தில் அந்த விவாதத்தை நீட்டியிருந்தால் யாருக்கும் நன்மை இல்லை, ஜியேகாங்கின் நாட்டுப்பற்றுதான் அங்கே பேசியது என்று ஃபெய் முதுமையில் பெருந்தன்மையாக எழுதினார். பெருந்தன்மைதான். ஆனாலும் ஒருவர் வாய் மூடியதால் முடிந்த விவாதம் அது.

#10 செங்கல்சூளை

ஒரே திசைத் தண்ணீர் என்று வைகறை சொன்னதும் வரலாற்றாசிரியர் சென் யின்கே நினைவுக்கு வந்தார். அதே காலம், அதே ஓட்டம், ஆனால் மூவரிலும் ஆழமானவர் இவர் என்பேன். (இந்த இழையில் என் கட்சி இவர்தான்.)

வட வம்சங்கள் காலத்தில் ஹான் யார், ‘ஹூ’ (வடக்கத்திய அயலார்) யார் என்பதை முடிவு செய்தது இரத்தத்தைவிடப் பண்பாடுதான் என்பது சென்னின் புகழ்பெற்ற வாதம். உதாரணம் வேண்டுமா? வட வெய் பேரரசர் சியாவ்வென், ஹூ மக்களில் ஒரு பிரிவான ஷியன்பெய் குலத்தவர், 494இல் தலைநகரை லுவோயாங்குக்கு மாற்றுகிறார். அரசவையில் தாய்மொழியைத் தடுக்கிறார், உடையை மாற்றுகிறார், தோபா என்ற தன் குலப்பெயரையே யுவான் என்று மாற்றிக்கொள்கிறார். பிறகு வந்த தாங் அரச குடும்பத்தைப் பாருங்கள்: பேரரசர் தாய்சோங்கின் பாட்டி துகூ, தாய் தோவ், மனைவி சாங்சுன். எல்லாம் ஷியன்பெய் வழிக் குடும்பங்கள். சீனர்கள் ‘பொற்காலம்’ என்று கொண்டாடும் அரசு இது!

இதுவரை ஒரு திசைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சென் மறுதிசையையும் காட்டுகிறார். 755இல் ஆன் லூஷான் கலகம். அதன் பிறகு ஹெபெய் பகுதி படைத்தலைவர்கள் கையில் போகிறது. அங்கே ஃபான்யாங் லூ குடும்பத்து இளைஞன் ஒருவனைப் பற்றிக் கவிஞர் தூ மூ எழுதிய கல்லறைக் குறிப்பை சென் எடுத்துப் போடுகிறார். லூ குடும்பம் என்றால் ஹான் மேட்டுக்குடிகளின் உச்சி. அந்த வீட்டுப் பையன் இருபது வயதுவரை சோவ் கோமகன், கன்ஃபூசியஸ் என்று ஆட்கள் இருந்ததே தெரியாமல், பந்தாடி, குடித்து, குதிரையில் முயல் வேட்டையாடித் திரிந்தானாம். இரத்தம் ஹான், வாழ்க்கை ஹூ. சென்னுக்குப் பண்பாடு என்பது வாழ்கிற இடத்தில் ஒட்டிக்கொள்வது. எந்தப் பக்கமும் போகும்.

ஜியேகாங்கிடம் இல்லாதது இதுதான். ஹெபெய் பையன் அவர் கட்டுரைக்குள் வரமாட்டான்.

#11 ஏட்டுச்சுவடி

ஹெபெய் பையனுக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கலப்பு எந்தத் திசையிலும் போகலாம் என்று ஒப்புக்கொண்டால் ‘ஒன்றே’ என்ற சொல்லுக்குக் கீழே தரை நழுவிவிடும். போர் நடுவில் அதை எழுதமுடியாது. சென்னாலும் அதைத் தாங் வரலாறாகத்தான் எழுதமுடிந்தது.

#12 பட்டர்வொர்த்_பையன்

வரலாற்றாசிரியர் சியன் மூவை விட்டுவிட்டீர்களே. கல்லூரி வாசலே மிதிக்காமல் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவரை 1930இல் யென்சிங் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜியேகாங்தான். அதுவும் எப்படி? பழைய நூல்கள் பல பிற்காலத்துப் போலிகள் என்ற, ஜியேகாங் நம்பிய காங் யூவெய் கருத்தையே அடித்து நொறுக்கும் கட்டுரையை சியன் மூ அனுப்ப, அதை ஜியேகாங் தன் இதழிலேயே போட்டார். இப்படி ஒரு ஆசிரியர் கிடைத்தால் நானும் கட்டுரை எழுதுவேன்.

பிறகு இரண்டு பேரும் இரண்டு துருவம். 1940இல் வந்த தேசிய வரலாற்று நூலின் வாசலிலேயே சியன் மூ நிபந்தனை எழுதி மாட்டிவிட்டார்: தன் நாட்டின் வரலாற்றை வாசிக்கிறவர் அதன்மேல் வெதுவெதுப்பும் மரியாதையும் வைத்திருக்கவேண்டும். எங்கள் ஹுவாரென் பெரியவர்களுக்கு இந்த வரி உயிர். நாடு வேறாகிப்போன பிறகு பண்பாடுதானே கையில் இருக்கிறது.

#13 செங்கல்சூளை

வெதுவெதுப்பு சரி. அதையே நிபந்தனையாக்கினால் சந்தேகப்படுகிறவன் துரோகியாகிவிடுவான். 1929இல் பாடநூலுக்கு அதுதான் நடந்தது.

#14 சும்மா_வந்தவன்

ஒரு சந்தேகம். ‘ஒன்றே’ என்றவர் ஒரு பக்கம், ‘பல’ என்றவர் ஒரு பக்கம். ஆனால் சீன அரசு இன்றைக்கு 56 என்கிறதே? அந்த 56 எங்கிருந்து வந்தது?

#15 வைகறை

ஃபெய் பக்கம் வென்ற மாதிரித் தெரியும் இடம் அது. 1950களில் புதிய கம்யூனிஸ்ட் அரசு உங்கள் இனப் பெயரைச் சொல்லுங்கள் என்றது. நானூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து குவிந்தன. பெரும்பங்கு யுன்னானிலிருந்து. 1954இல் ஆய்வாளர்கள் அங்கே போய், மொழியை முதன்மையாக வைத்து, பெயர்களைச் சேர்த்துச் சேர்த்துச் சுருக்கினார்கள். ஃபெய்யும் இந்தப் பணிகளில் இருந்தார். கடைசியாக 1979இல் ஜினோ மக்கள் சேர்ந்தார்கள். ஹானையும் கூட்டி 56. தங்களுக்கு ஒரு பெயர் சொன்ன பலர் வேறொரு பெயருக்குள் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

1988இல் ஃபெய் ஹாங்காங்கில் ஒரு பேருரை ஆற்றினார். பன்மையும் ஒருமையும் சேர்ந்த அமைப்பு என்று சீன மக்களை விளக்கினார். 1939இல் ஜியேகாங்கை மறுத்தவர், ‘ஜோங்ஹுவா மின்ட்சு’ என்ற அதே சொல்லை மேல்தட்டில் வைத்து, 56ஐயும் அதன் கீழே வைத்தார். ஹான் எப்படி வளர்ந்தது? உருட்ட உருட்டப் பெருகும் பனிப்பந்து என்கிறார். பனிப்பந்துக்கு நடுவில் ஒரு கரு உண்டல்லவா? அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜியேகாங்கின் பச்சை குத்திய பாட்டனார்தான் தெரிகிறார், பந்தில் ஒட்டிக்கொண்டு உருளுகிறார்.

ஐம்பது ஆண்டு கழித்து இருவரும் நடுவழியில் சந்தித்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். சந்தித்தது ஜியேகாங் வீட்டுக்குப் பக்கத்தில் என்பது என் கணக்கு.

#16 ஏட்டுச்சுவடி

வைகறை, அந்தப் பாட்டனார் வரிக்காக உங்களுக்கு ஒரு தேநீர்.

இன்றைய அறிஞர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். ஃபூதான் பல்கலைக்கழகத்தின் கே சாவ்குவாங். 2011இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே ஒரு வெண்கலப் பாத்திரத்திலிருந்து எடுத்தது. 1963இல் ஷான்சி மாநிலம் பாவ்ஜியில் கிடைத்த பாத்திரம். உள்ளே எழுத்து இருப்பது 1975இல்தான் தெரிந்தது. ‘இந்த நடு நாட்டில் குடியிருப்பேன்’ என்ற வரி அதில் வருகிறது. சீனர்கள் தங்கள் நாட்டைச் சொல்லும் ‘ஜோங்குவோ’ என்ற சொல் நமக்குக் கிடைத்த மிகப் பழைய இடம் அதுதான், சுமார் மூவாயிரம் ஆண்டு. ஆனால் அந்தக் கல்வெட்டு... மன்னிக்கவும், பாத்திரவெட்டு, சொல்லும் நடு நாடு லுவோயாங் சுற்றுவட்டாரம்தான். சின்சியாங்கும் திபெத்தும் அந்த அரசனின் கனவிலும் இல்லை.

கே ஒரு பக்கம் மேற்கத்தியப் பேராசிரியர்களிடம் சீனா நேற்றுக் கற்பனை செய்த தேசம் இல்லை என்கிறார். லியாவ், ஜின் அரசுகள் வடக்கே சமமாக நின்ற சோங் காலத்திலேயே ‘எங்கள் எல்லை இது’ என்ற உணர்வு வந்துவிட்டது என்பது அவர் வாதம். மறுபக்கம் தன் நாட்டவரிடம் இன்றைய வரைபடத்தைப் பழைய காலத்தின்மேல் போர்த்தாதீர்கள் என்கிறார். இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளும் இடம். அந்த இரண்டாவது பாதி எனக்கு 1923 ஜியேகாங்கின் குரல்தான்.

#17 செங்கல்சூளை

பாத்திரம் என்றதும் 1943ஐச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. யூ என்பது முக்காலிக் கலத்தில் வார்த்த உருவம் என்றாரே இவர்? போர்க்காலத் தலைநகரான சொங்சிங்கில், தேசியவாத அரசின் தலைவர் சியாங் கை-ஷேக்குக்கு ஒன்பது முக்காலிக் கலங்கள் செய்து கொடுக்கலாம் என்று சிலர் கிளம்பினார்கள். யூ வார்த்ததாகச் சொல்லப்படும் அதே ஒன்பது. அதில் பொறிக்கும் வாசகத்துக்குப் பொறுப்பேற்றவர் ஜியேகாங். சென் யின்கே கவிதையிலேயே குத்திவிட்டார். சியாங் வாங்கவும் மறுத்துவிட்டார் என்பது கூடுதல் அவமானம்.

அடுக்குகளைப் பிரித்துக் காட்டியவர் தன் கையால் ஒரு அடுக்கு வைக்கப்போனார்.

#18 ஏட்டுச்சுவடி

அதற்கு வக்காலத்து வாங்கமாட்டேன். அது சறுக்கல்.

ஆனால் கடைசிப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். 1949க்குப் பிறகு அவருக்கு எளிதான காலம் இல்லை. 1971 முதல் ‘இருபத்துநான்கு வரலாறுகள்’ என்ற அரச வம்ச வரலாற்று நூல்களுக்கு நிறுத்தக்குறி இட்டுப் பதிப்பிக்கும் வேலைக்குத் தலைமைப் பொறுப்பு, 1978இல் அது முடிந்தது. அவற்றில் முதலாவதான சிமா சியனின் நூலுக்கு அந்த வேலையை அவர் ஏற்கெனவே செய்து முடித்திருந்தார். அதாவது, மஞ்சள் பேரரசரை வரலாற்றின் முதல் அத்தியாயமாக வைத்த அதே நூலை இன்றைக்குச் சீனாவில் பிழையில்லாமல் வாசிக்கமுடிகிறதென்றால், அதில் மஞ்சள் பேரரசரை நம்பாதவரின் கை இருக்கிறது. எங்கே வாக்கியம் முடிகிறது என்று குறித்துக் கொடுத்துவிட்டு, நம்புவதை வாசிப்பவரிடம் விட்டார்.

#19 பட்டர்வொர்த்_பையன்

என் வகுப்பில் கூ என்று ஒருவன் இருந்தான். இருங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டு வருகிறேன், அவன் முன்னோரும் பச்சை குத்திக்கொண்டவர்களா என்று.

#20 சும்மா_வந்தவன்

காத்திருக்கிறோம்.

#21 பட்டர்வொர்த்_பையன்

கேட்டேன். அவன் வேறு கூவாம். உச்சரிப்பு கிட்டத்தட்ட ஒன்று, எழுத்து வேறு. ‘பழமை’ என்று பொருள்படும் எழுத்து. ஹக்கா குடும்பம். வீட்டில் வம்சாவளி ஏடு இருக்கிறதாம். அதன்படி அவர்கள் சோவ் அரச குலத்து முன்னோர் தான்ஃபூவின் வழி. அவருக்கு மேலே யார் என்று கேட்டேன். கொஞ்சம் பொறு, அப்பாவிடம் கேட்கிறேன் என்றான். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘மஞ்சள் பேரரசர்.’

அடுக்கு சரியாக இருக்கிறது என்று அனுப்பினேன். எந்த அடுக்கு என்று கேட்கிறான்.